ஸ்கீன்ஸ் கைநழுவிப் போவதற்குள்

2025 மே 18, ஞாயிற்றுக்கிழமை. பிலடெல்பியா மைதானத்தில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணிக்காகப் பந்து வீசிய பால் ஸ்கீன்ஸ், தன் அணி களத்தில் நின்ற எட்டு இன்னிங்ஸையும் தனியாளாக வீசி முடித்தார். அவர் விட்டுக்கொடுத்தது ஒரே ஒரு ரன். எதிரே வீசிய மிக் ஏபெலுக்கு மேஜர் லீகில் அதுதான் முதல் ஆட்டம். அந்தப் புதுமுகத்திடமும், அவருக்குப் பின் வந்தவர்களிடமும் பைரேட்ஸால் ஒரு ரன்கூட எடுக்க முடியவில்லை. 0-1 என்று ஆட்டம் போயிற்று. பேஸ்பாலில் தோல்வியைப் பந்துவீச்சாளர் பெயரில் எழுதும் வழக்கம் உண்டு. அன்றைய தோல்வியும் ஸ்கீன்ஸ் கணக்கில் ஏறியது.

அந்த ஆண்டு முழுக்கவே அவர் கதை அப்படித்தான் இருந்தது. 32 ஆட்டங்களில் 216 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார். ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் கொடுத்த ரன் சராசரி 1.97. சிறந்த பந்துவீச்சாளருக்கான சை யங் விருதை வாக்களித்த அத்தனை பேரும் அவருக்கே தந்தார்கள். ஆனால் அவர் பெயரில் பதிவானவை பத்து வெற்றி, பத்து தோல்வி. அணியோ 71 ஆட்டங்களில் வென்று 91-ல் தோற்று, நேஷனல் லீக் மத்தியப் பிரிவில் கடைசி இடம் பிடித்தது.

2026 பருவம் தொடங்கப்போகிறது. பிட்ஸ்பர்க் ரசிகர்கள் ஒவ்வொரு மார்ச் மாதமும் கேட்கும் கேள்வியை இப்போதும் கேட்கிறார்கள்: இந்த ஆண்டாவது தேறுமா? என் பதில், தேறும். 2018-க்குப் பிறகு வெற்றிகள் தோல்விகளைவிடக் கூடுதலாக இருக்கும் ஒரு பருவம் கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் அது எவ்வளவு தூரம் போகும் என்பதை ஆட்டக்காரர்கள் தீர்மானிக்கப்போவதில்லை. அணியின் உரிமையாளர் பாப் நட்டிங்கின் பணப்பைதான் தீர்மானிக்கப்போகிறது.

பேஸ்பால் பார்த்துப் பழகாதவர்களுக்கு ஒரு விளக்கம் தேவை. ஒரு பருவத்தில் ஓர் அணிக்கு 162 ஆட்டங்கள். தொடக்கப் பந்துவீச்சாளர் ஒருவர் ஐந்தாறு நாளுக்கு ஒருமுறைதான் வீசுவார். அதற்கு மேல் தோளும் முழங்கையும் தாங்காது. ஆகவே எவ்வளவு பெரிய வீரராக இருந்தாலும் ஐந்தில் ஒரு பங்கு ஆட்டங்களில்தான் அவர் கை இருக்கும். அந்த ஆட்டங்களிலும் ரன் எடுப்பது அவர் வேலையில்லை. கிரிக்கெட்டில் பும்ரா ஐந்து விக்கெட் எடுத்துவிட்டு, கடைசியில் மட்டையோடு வந்து நாலு ரன் சேர்க்கவும் வாய்ப்பிருக்கிறது. பேஸ்பாலிலோ 2022 முதல் நேஷனல் லீகிலும் பந்துவீச்சாளர் மட்டை பிடிப்பது நின்றுவிட்டது. விமானப்படைக் கல்லூரியில் படித்த நாளில் ஸ்கீன்ஸ் கேட்சராகவும் நல்ல மட்டையாளராகவும் இருந்தவர். இப்போது தன் அணி பூஜ்யத்தில் நிற்பதை இருக்கையில் அமர்ந்து பார்ப்பதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை.

2025-ல் பைரேட்ஸ் எடுத்த மொத்த ரன்கள் 583. முப்பது அணிகளில் இதுவே மிகக் குறைவு. ஹோம் ரன்கள் 117, அதிலும் கடைசி. பந்துவீச்சில் நல்ல அணிகளோடு தோளுரசி நின்ற ஓர் அணி மட்டையால் மட்டுமே இவ்வளவு கீழே விழுந்தது. மே மாதத் தொடக்கத்தில் 12 வெற்றி, 26 தோல்வி என்ற நிலையில் மேனேஜர் டெரெக் ஷெல்டனை நீக்கினார்கள். உதவியாளராக இருந்த டான் கெல்லி பொறுப்பேற்றார். அவர் பிட்ஸ்பர்க் வட்டாரத்திலேயே பிறந்து வளர்ந்தவர். அவர் காலத்தில் கணக்கு 59-65. மோசமில்லை, அதே ஆட்களை வைத்துக்கொண்டு அவ்வளவுதான் செய்ய முடியும்.

அந்த ஆட்களில் ஓனீல் குரூஸைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏழடிக்கு ஐந்து அங்குலம் மட்டுமே குறைந்த டொமினிக்கன் இளைஞர். சென்ற ஆண்டு மே 25 அன்று சொந்த மைதானத்தில் மில்வாக்கிக்கு எதிராக அவர் அடித்த பந்து மட்டையை விட்டுப் புறப்பட்ட வேகம் மணிக்கு 122.9 மைல், அதாவது ஏறக்குறைய 198 கிலோமீட்டர். மைதானங்களில் கருவி வைத்து இந்த வேகத்தை அளக்கத் தொடங்கிய 2015 முதல் யாரும் இவ்வளவு வேகமாகப் பந்தை அடித்ததில்லை. பந்து வலதுபுறச் சுவரைத் தாண்டி, நடைபாதையைத் தாண்டி, அலிகெனி ஆற்றில் போய் விழுந்தது. அதே குரூஸ் பருவம் முடிந்தபோது வைத்திருந்த மட்டைச் சராசரி .200, பத்து முறை இறங்கினால் இரண்டு முறைதான் அடி. இடக்கைப் பந்துவீச்சாளர்கள் வந்துவிட்டால் படுமோசமாகத் தடுமாறினார். 38 பேஸ்களைத் திருடும் கால்வேகமும் அவரிடம் உண்டு. இப்படிப்பட்ட ஒருவர் பாதி அளவுக்குப் பக்குவப்பட்டாலே ஓர் அணியின் முகம் மாறிவிடும். அவருக்குப் பின்னால் மட்டை பிடிக்க வலுவான ஆள் இல்லாதபோது எதிரணி ஏன் அவருக்கு நல்ல பந்து போட வேண்டும்? குரூஸின் தடுமாற்றத்தில் பாதி அவருடையது. மீதி, அவரைச் சுற்றி ஆள் சேர்க்காதவர்களுடையது.

இந்தக் குளிர்காலத்தில்தான் ஆள் சேர்த்தார்கள். மூன்று அணிகள் கைமாற்றிக்கொண்ட ஒரு பேரத்தில் இளம் பந்துவீச்சாளர் மைக் பரோஸை ஹூஸ்டனுக்கு அனுப்பிவிட்டு, தாம்பா பேயிலிருந்து பிராண்டன் லௌவைக் கொண்டுவந்தார்கள். அவர் 2025-ல் 31 ஹோம் ரன் அடித்தவர். பாஸ்டனிடம் ஜோஹான் ஒவியேடோவைக் கொடுத்து, ஜஸ்டின்சன் கார்சியா என்ற வலிய இளம் மட்டையாளரை வாங்கினார்கள். வெளிச்சந்தையில் ரயன் ஓஹெர்னுக்கு இரண்டு ஆண்டுக்கு 2.9 கோடி டாலர் கொடுத்தார்கள். 2016 டிசம்பரில் பந்துவீச்சாளர் இவான் நோவாவை எடுத்ததற்குப் பிறகு, சந்தையில் நின்ற ஒருவருக்கு இந்த நிர்வாகம் ஒரு வருடத்துக்கு மேல் ஒப்பந்தம் கொடுப்பது இதுவே முதல் தடவை. 56 ஹோம் ரன் அடித்த கைல் ஷ்வார்பருக்கு நான்கு ஆண்டுக்கு 12 கோடிக்கும் மேல் தர முன்வந்ததாகவும் செய்தி வந்தது. அவர் 15 கோடிக்குப் பிலடெல்பியாவிலேயே தங்கிவிட்டார். கிடைக்கவில்லை என்பது வேறு. கேட்கக்கூடத் துணியாதிருந்தவர்கள் கேட்டார்கள் என்பதே பிட்ஸ்பர்க்கில் புதுச் செய்தி.

லௌ, ஓஹெர்ன் இருவரும் இடக்கை மட்டையாளர்கள் என்பதில் ஒரு கணக்கு இருக்கிறது. பிஎன்சி பார்க் மைதானத்தில் இடதுபுறம் எல்லை ஆழமாகப் போகும். ஓரிடத்தில் 410 அடி. வலதுபுற மூலையோ 320 அடிதான். இடக்கையர்கள் இழுத்து அடிக்கும் பந்து அந்தப் பக்கம்தான் பறக்கும். மற்ற ஊர்களில் எல்லையில் பிடிபடும் சில பந்துகள் இங்கே சுவரைத் தாண்டும். மைதானத்துக்கு ஏற்ற ஆளைத் தேடியிருக்கிறார்கள். ஜெனரல் மேனேஜர் பென் செரிங்டனை ஆறு ஆண்டுகளாகக் குறை சொல்லிவரும் நானும் இதைப் பாராட்டுகிறேன்.

எல்லோரும் காத்திருப்பது கோனர் கிரிஃபினுக்காக. மிசிசிப்பி மாநிலப் பள்ளி மாணவரான அவரை 2024 டிராஃப்டில் ஒன்பதாவது ஆளாக எடுத்தார்கள். சென்ற ஆண்டு மைனர் லீகில் மூன்று படிகளை ஒரே பருவத்தில் ஏறினார். சராசரி .333, ஹோம் ரன் 21, திருடிய பேஸ்கள் 65. ஷார்ட் ஸ்டாப் இடத்தில் அவர் நிற்கும் அழகைப் பார்த்தவர்கள், இன்று மைனர் லீகில் இருப்பவர்களில் இவர்தான் முதல்வர் என்கிறார்கள். ஏப்ரல் 24 அன்றுதான் அவருக்கு இருபது வயது நிறைகிறது.

இவரை எப்போது மேலே கொண்டுவருவது என்பதில் அணிகளுக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. மேஜர் லீகில் ஆறு ஆண்டுகள் நிறைந்தால்தான் ஓர் ஆட்டக்காரர் சுதந்திரமாகச் சந்தைக்குப் போக முடியும். பருவத் தொடக்கத்தில் சில வாரம் கீழேயே நிறுத்திவைத்தால் முதல் ஆண்டு முழு ஆண்டாகக் கணக்கில் வராது; அணிக்கு ஓராண்டு கூடுதலாகக் கிடைக்கும். ஸ்கீன்ஸையே 2024 மே 11 வரை இண்டியானாபொலிஸ் மைனர் லீக் அணியில் வைத்திருந்தார்கள். பந்துவீச்சுச் சுமையைப் படிப்படியாகக் கூட்டுவதற்கே என்றது நிர்வாகம். ஆனால் அவர் அவ்வாண்டின் சிறந்த புதுமுகமாகத் தேர்வானதால், இப்போதைய விதிப்படி முழு ஆண்டும் அவர் கணக்கில் ஏறியது. ஆறு வாரம் அவர் கீழே இருந்ததால் அணிக்கு ஓராண்டும் மிஞ்சவில்லை. கிரிஃபின் விஷயத்தில் ஆட்டத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டும். தயார் என்றால் இறக்குங்கள், இல்லையென்றால் பழகட்டும். 2032-ஐ நினைத்து 2026-ல் ஐந்து ஆட்டங்களை விட்டுக்கொடுக்கும் நிலையில் இந்த அணி இல்லை.

பந்துவீச்சு பற்றி அதிகம் கவலையில்லை. ஸ்கீன்ஸுக்குப் பின்னால் மிட்ச் கெல்லர் இருக்கிறார். சென்ற ஆண்டு வந்த பப்பா சாண்ட்லர், பிராக்ஸ்டன் ஆஷ்கிராஃப்ட் இருவரும் வேகமும் துணிச்சலும் உள்ளவர்கள். முழங்கை அறுவைக்குப் பின் தேறிவரும் ஜேரட் ஜோன்ஸ் பருவத்தின் நடுவில் சேர்ந்துகொண்டால் இன்னும் வலு.

இதை வைத்து எத்தனை ஆட்டம் வெல்லலாம்? சென்ற ஆண்டு இதே பிரிவில் சின்சினாட்டி 83 வெற்றியோடு ப்ளே ஆஃப் வாசலுக்குள் நுழைந்துவிட்டது. பைரேட்ஸ் வென்ற 71-க்கும் அதற்கும் இடையே பன்னிரண்டு ஆட்டங்கள்தான். ஒரு ரன், இரண்டு ரன்னில் நழுவிய ஆட்டங்களை நினைத்தால் இது மலையைப் புரட்டும் வேலையில்லை. 80-லிருந்து 85 வெற்றி என்பது என் கணிப்பு. குரூஸும் கிரிஃபினும் சேர்ந்து சோபித்தால் அதற்கும் மேல்.

என் சந்தேகமெல்லாம் ஜூலையில் என்ன நடக்கும் என்பதில்தான். இந்த அணியின் கடந்த முப்பது ஆண்டு வரலாறு அந்தச் சந்தேகத்தைத் தருகிறது. 1992 அக்டோபர் 14 இரவு, அட்லாண்டாவில் வேர்ல்டு சீரிஸுக்குள் நுழைய இன்னும் ஒரே ஓர் அவுட் தேவை என்ற நிலையில், எதிரணியில் ஆடிய பழைய பைரேட்ஸ் வீரர் சிட் பிரீம் சறுக்கி வந்து வெற்றி ரன் எடுத்தார். இடதுபுறத்திலிருந்து பேரி பாண்ட்ஸ் எறிந்த பந்து நூலிழையில் தாமதம். அந்தக் குளிர்காலத்திலேயே பாண்ட்ஸ் சான் பிரான்சிஸ்கோவுக்குப் போய்விட்டார். பிறகு 1993 முதல் 2012 வரை இருபது பருவங்கள் தொடர்ந்து தோல்வியே மிகுதி. அமெரிக்கத் தொழில்முறை விளையாட்டில் வேறெந்த அணிக்கும் அப்படியொரு இருண்ட காலம் அமைந்ததில்லை.

விடிந்தது 2013-ல். அந்த அக்டோபர் முதல் தேதி இரவு, சின்சினாட்டி பந்துவீச்சாளர் ஜானி குவேட்டோவின் பெயரை மைதானமே இழுத்து இழுத்துக் கோஷமாகப் போட, அவர் கையிலிருந்த பந்து நழுவிக் கீழே விழுந்தது. அடுத்த பந்தையே ரஸல் மார்ட்டின் ஹோம் ரன்னாக்கினார். 2015-ல் 98 வெற்றி. அத்தனை நல்ல அணியை வைத்துக்கொண்டு அதற்கு மேல் போட்டதென்ன? சொல்லும்படி எதுவுமில்லை. 2018 ஜனவரியில் ஒரே வாரத்துக்குள் கெரிட் கோலையும், 2013-ன் சிறந்த ஆட்டக்காரர் ஆண்ட்ரூ மக்கட்சனையும் அனுப்பிவிட்டார்கள். ஸ்கீன்ஸைப் போலவே கோலும் டிராஃப்டில் முதல் ஆளாக இவர்கள் எடுத்த பந்துவீச்சாளர். பின்னாளில் அவருக்கு 32.4 கோடி டாலர் கொடுத்தது யாங்கீஸ். 2023-ல் சை யங் விருதையும் அவர் அங்கேதான் வாங்கினார். இதைக் கண்ணால் கண்ட ரசிகனுக்கு ஸ்கீன்ஸ் வீசும் ஒவ்வொரு பந்தும் இனிப்போடு கொஞ்சம் வயிற்றைக் கலக்கவும் செய்கிறது.

மலிவாக ஆள் தேடுவதில் இந்த அணி உலகம் சுற்றியிருக்கிறது. நமக்கும் அதில் ஒரு தொடர்பு உண்டு. 2008-ல் ஒரு தொலைக்காட்சிப் போட்டியில் கண்டெடுக்கப்பட்ட உத்தரப் பிரதேசத்தின் ஈட்டி எறியும் இளைஞர்கள் ரிங்கு சிங், தினேஷ் படேல் இருவரையும் ஒப்பந்தம் செய்தது பைரேட்ஸ்தான். மேஜர் லீக் அணியோடு ஒப்பந்தமிட்ட முதல் இந்தியர்கள் அவர்களே. அவர்கள் கதை படமானபோது இசையமைத்தவர் ஏ.ஆர்.ரஹ்மான். இருவரும் மைனர் லீகைத் தாண்டவில்லை. ஆனாலும் அந்த முயற்சி நல்ல முயற்சி. மூலைமுடுக்கெல்லாம் தேடும் ஆர்வத்தில் பாதியைக் கையில் கிடைத்த மணியைக் காப்பதில் காட்டியிருந்தால் இந்த ஊர் இத்தனை கண்ணீர் விட்டிருக்காது.

ஊரைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம்மில் பலருக்குப் பிட்ஸ்பர்க் என்றால் பென் ஹில்ஸ் வெங்கடேஸ்வரர் கோயில். அமெரிக்கர்களுக்கு அது எஃகு நகரம். ஆலைகள் மூடிய காலத்திலும் அணியை விடாமல் பிடித்துக்கொண்ட ஊர் அது. 1971 செப்டம்பர் 1 அன்று மேஜர் லீக் வரலாற்றில் முதல்முறையாகக் கறுப்பினத்தவரும் லத்தீன் அமெரிக்கர்களுமாகவே ஒன்பது பேரையும் களமிறக்கிய அணி இதுதான். அந்த அணியின் உயிர் ராபர்ட்டோ கிளெமெண்டி. நிகராகுவா நிலநடுக்கத்தில் தவித்தவர்களுக்கு நிவாரணப் பொருள் கொண்டுபோன விமானத்தில் 1972 டிசம்பர் 31 அன்று இறந்துபோனார். அவர் சட்டை எண் 21. மைதானத்தின் வலதுபுறச் சுவர் 21 அடி உயரமாக எழுப்பப்பட்டது அவர் நினைவாகத்தான்.

சென்ற ஆண்டு பருவத் தொடக்கத்தில் அந்தச் சுவரிலிருந்த 21 என்ற அடையாளத்தை எடுத்துவிட்டு மதுபான விளம்பரம் வைத்தார்கள். கிளெமெண்டியின் குடும்பமும் ஊரும் கொதித்த பிறகு மன்னிப்புக் கேட்டுத் திரும்ப வைத்தார்கள். மைதானம் கட்டியபோது ரசிகர்கள் காசு கொடுத்துத் தங்கள் பெயரையும் மறைந்த பெற்றோர் பெயரையும் பொறித்துப் பதித்த செங்கற்கள் ஒரு மறுசுழற்சிக் கிடங்கில் குவிந்து கிடந்ததும் அதே மாதம் வெளியே வந்தது. சொந்த ஊரில் முதல் ஆட்டம் நடந்த அன்று, அணியை விற்றுவிடச் சொல்லும் பதாகையோடு மைதானத்துக்கு மேலே விமானம் பறந்தது. அதற்கான பணத்தை ரசிகர்களே வசூலித்துக் கட்டினார்கள்.

அவர்கள் கோபத்துக்கு இன்னொரு நியாயமும் உண்டு. 1997-ல் மைதானங்களுக்காக விற்பனை வரியை உயர்த்தலாமா என்று மக்களிடம் வாக்குக் கேட்டார்கள். மக்கள் வேண்டாம் என்றார்கள். தலைவர்கள் மாற்றுத் திட்டம் ஒன்றைத் தீட்டி, ஏற்கெனவே வசூலான வரிப்பணத்திலிருந்து எடுத்துக் கட்டினார்கள். 2001-ல் திறந்த பிஎன்சி பார்க் இந்த ஆட்டத்தின் அழகான மைதானங்களில் ஒன்று. ஆற்றுக்கு அப்பால் மஞ்சள் பாலமும் நகரத்துக் கட்டடங்களும் தெரிய உட்கார்ந்து பார்க்கலாம். அந்த அழகின் பெரும்பகுதி மக்கள் பணம். 2007-ல் கட்டுப்பாட்டைக் கையில் எடுத்த நட்டிங்குக்கு அது சும்மா கிடைத்தது.

அவர் தரப்பிலும் பேச விஷயம் இருக்கிறது, இல்லையென்று சொல்லமாட்டேன். மேஜர் லீக் பேஸ்பாலில் மொத்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு கிடையாது. லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் ஒஹ்தானிக்கு 70 கோடி டாலர் எழுதிக்கொடுத்தது. நியூயார்க் மெட்ஸ் ஹுவான் சோட்டோவுக்கு 76.5 கோடி. பைரேட்ஸ் தன் வரலாற்றில் கொடுத்த மிகப் பெரிய ஒப்பந்தமாக பிரையன் ரெனால்ட்ஸின் எட்டாண்டு ஒப்பந்தம்தான் இந்தப் பருவத்துக்குள் நுழைகிறது, அது 10.675 கோடி. சம்பளம் எல்லை தாண்டியதற்காக 2025-ல் டாட்ஜர்ஸ் கட்டவேண்டிய வரி மட்டுமே பைரேட்ஸின் மொத்தச் சம்பளத்தைவிட அதிகம். இந்த ஏற்றத்தாழ்வு அநியாயமானது, சீர்செய்யப்பட வேண்டும்.

ஆனால் அதைச் சாக்காகச் சொல்ல மில்வாக்கி விடுவதில்லை. பிட்ஸ்பர்க்கைவிடப் பெரிய சந்தையில்லாத அந்த ஊர், இதே பிரிவில் சென்ற ஆண்டு 97 ஆட்டங்களை வென்றது. மேஜர் லீகிலேயே அதுதான் அதிகம். கன்சாஸ் சிட்டியும் சின்ன ஊர்தான். தன் இளம் நட்சத்திரம் பாபி விட்டுக்கு 2024-ல் 28.8 கோடி டாலருக்கு மேல் கொடுத்துத் தக்கவைத்துக்கொண்டது. எல்லா அணிகளும் உள்ளூர் வருமானத்தில் 48 சதவீதத்தைப் பொதுவில் போட்டுச் சமமாகப் பிரித்துக்கொள்கின்றன. பைரேட்ஸ் அதில் வாங்கும் கூட்டத்தில் இருக்கிறது. அந்தப் பணத்தை ஆட்டத்துக்குச் செலவிடவில்லை என்று 2018-ல் ஆட்டக்காரர் சங்கமே நான்கு அணிகள்மீது புகார் கொடுத்தது. அதில் பைரேட்ஸும் ஒன்று.

சென்ற ஆண்டு, ஆட்டக்காரர்களைக் கைமாற்றுவதற்கான கோடைக் கெடுவில் உள்ளூர்ப் பையனான டேவிட் பெட்னரை யாங்கீஸுக்கும், கீப்ரையன் ஹேய்ஸைச் சின்சினாட்டிக்கும் அனுப்பினார்கள். இந்த ஆண்டு அந்தக் கெடு வரும்போது ப்ளே ஆஃப் இடத்துக்கு ஐந்து ஆட்டங்களுக்குள் அணி நின்றால், ஒருவரையும் விற்கக் கூடாது. இன்னொரு மட்டையாளரை வாங்க வேண்டும். அதை ஏப்ரலிலேயே நட்டிங் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். மேனேஜருக்கும் ஆட்டக்காரர்களுக்கும் தாங்கள் எதற்காக ஆடுகிறோம் என்று தெரியட்டும்.

அதைவிட அவசரமான வேலை ஸ்கீன்ஸ். 2029 முடிந்ததும் அவர் சுதந்திரம். நான்கு பருவங்கள் மிச்சம் என்று தோன்றும். ஆனால் ஆட்டக்காரர் சங்கத்துக்கும் அணிகளுக்கும் இடையிலான ஒப்பந்தம் வரும் டிசம்பர் 1 அன்று காலாவதியாகிறது. சம்பள வரம்பு குறித்துப் பெரிய மோதல் வரும் என்று இரு தரப்பும் இப்போதே ஆயத்தமாகின்றன. கதவடைப்பு நீண்டு 2027-ல் ஆட்டங்கள் போனால், நான்கு என்பது மூன்றரையோ மூன்றோ ஆகும். சென்ற ஆண்டு 8,75,000 டாலர் சம்பளத்துக்கு ஆடிய ஸ்கீன்ஸ், இந்தப் பருவம் முடிந்ததும் நடுவர் மன்றம் மூலம் சம்பள உயர்வு கேட்கும் தகுதி பெறுகிறார். அதன்பின் ஒவ்வோர் ஆண்டும் அவர் விலை பல கோடியாக ஏறும். ஏறுகிற விலையைக் காட்டியே அவரை விற்கும் பேச்சும் கிளம்பும். கோல் விஷயத்தில் நடந்தது இதுதான். நட்டிங் இந்தப் பருவம் முடிவதற்குள் அவர் முன்னால் ஒரு நீண்ட ஒப்பந்தத்தை வைக்க வேண்டும், ரெனால்ட்ஸுக்குக் கொடுத்ததைப் போல மூன்று மடங்குக்குக் குறையாமல். மறுப்பது ஸ்கீன்ஸின் உரிமை. கேட்கவே இல்லை என்ற நிலை மட்டும் வரக் கூடாது.